கோவை தந்த எந்திர மேதை ஜி. டி. நாயுடு

எல்லாப் புகழும் இறைவனுக்கே. மார்க்க மேதைகள், இறைநேசர்கள், கொடை வள்ளல்கள் ஆகியோரின் வரலாறுகளைப் படித்துப் பயன்பெறுவது நம்மவர் வழக்கம். இம்முறை பிற சமயத்தவர் ஒருவரின் வரலாற்றை எழுத முற்பட்டோம். நல்லறிவு எவரிடத்தில் இருந்தாலும் அதைத் தேடிப் பெற்றுக் கொள்ள வேண்டும் என்று மதரஸாவில் அலிஃப் எழுதிய நாள் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இதற்குச் சமாதானம் எதுவும் கூற வேண்டியதில்லை. இவர் வியாபாரம் செய்தவர், கைப்பொருளை இழந்து மீண்டவர், பஸ் நடத்தியவர், எந்திரம் செய்தவர். பள்ளிக்கூடப் படிப்போ மிகச் சொற்பம். கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இவரிடம் கற்க வேண்டியவை பல உண்டு.

அவர்தாம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரைப் புகழ்ந்தார்கள்.

ஓட்டமும் கட்டுப்பாடும்

அவர் வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு செய்தியை விளக்கிக் கொள்வது நலம். எந்திரத் தொழில் என்பது இரண்டே காரியங்களில் அடங்கும். ஒரு பொருளை ஓடச் செய்வது ஒன்று. ஓடுகிற பொருளை வேண்டிய வேகத்தில் ஓட்டி, வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிற்கச் செய்வது மற்றொன்று. முன்னது விசை, பின்னது கட்டுப்பாடு. மாட்டின் பலம் வண்டியை இழுக்கும். ஆனால் மூக்கணாங்கயிறு இல்லாத மாட்டை எவரும் வண்டியில் பூட்டுவதில்லை.

இதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டாம். கோலா சிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்திக் குன்றின்மேல் 1907-ல் எழுப்பிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. விளக்கு எரிந்தால் மட்டும் கப்பலோட்டிக்குப் பயன் இல்லை. அளந்த இடைவெளியில் அது மின்ன வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் இது இன்ன ஊர் விளக்கு என்று அவன் அறிகிறான். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்குப் பெர்ணம் ஆற்று நீரைத் திருப்பி, வாய்க்கால்களிலும் மதகுகளிலும் அளந்து விடுகிறார்கள். நீர் மிகுந்தால் நாற்று அழுகும், குறைந்தால் கருகும். தோட்டங்களில் உள்ள செம்பனை ஆலையில் கொதிகலனின் ஆவி அளவுக்கு மிஞ்சினால் காப்பு வால்வு தானே திறந்து ஆவியை வெளியே விடும். நம் கடையில் இருக்கும் குளிர்பெட்டியும் அப்படித்தான். உள்ளே போதிய குளிர் வந்ததும் மோட்டார் தானே நிற்கிறது; குளிர் குறைந்ததும் தானே ஓடுகிறது. பக்கத்தில் எவரும் நின்று பார்த்துக் கொண்டிருப்பதில்லை.

நம் முன்னோர் செய்த வேலை

இந்தக் கலை ஐரோப்பாவில் பிறந்து நம்மிடம் வந்தது என்று எண்ணுவோர் பலர். அது முழு உண்மை அன்று. தஜ்லா, ஃபுராத் என்னும் இரு நதிகளுக்கு இடைப்பட்ட ஜஸீரா நாட்டைச் சேர்ந்த இஸ்மாயீல் அல்-ஜஸரி என்னும் முஸ்லிம் பொறிவல்லுநர், தியார்பக்கிரில் ஆண்ட அர்துகிய மன்னர்களிடம் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். மன்னர் நாசிருத்தீன் மஹ்மூதின் வேண்டுகோளின்படி 1206-ஆம் ஆண்டில் ஒரு நூலை முடித்தார். அதில் 50 பொறிகளின் படமும் செய்முறையும் உள்ளன. நீர்க் கடிகாரங்கள், கை கழுவ நீர் வார்க்கும் பொம்மைகள், கிணற்று நீரை மேலேற்றும் எந்திரங்கள், எழுத்துகளைச் சேர்த்துத் திறக்கும் பூட்டு எனப் பலவும் அவற்றுள் அடங்கும்.

அவருடைய யானைக் கடிகாரத்தில் யானையின் வயிற்றுக்குள் நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அடியில் துளையிட்ட கிண்ணம் ஒன்று அந்நீரில் மிதக்கும். துளை வழியே நீர் சிறுகச் சிறுக உட்புகுந்து, அரைமணி நேரத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்கும்போது அது இழுக்கும் கயிற்றினால் பொம்மைகள் அசைந்து நேரத்தை அறிவிக்கும். பிறகு கிண்ணம் மீண்டும் மேலே வந்து அடுத்த அரைமணிக்கு ஆயத்தமாகும். இன்னொரு பொறியில், சுழலும் சக்கரத்தின் ஓட்டத்தை முன்னும் பின்னுமான ஓட்டமாக மாற்றி, இரண்டு உருளைகளால் நீரை உறிஞ்சி மேலேற்றினார். இன்றைய மோட்டார் என்ஜினுக்குள் பிஸ்டனும் வளைதண்டும் செய்வது இவ்வேலையின் மறுபக்கம்தான்.

நீர் உயர்ந்தால் மிதவை எழும்பிக் குழாயை அடைக்கும். நீர் தாழ்ந்தால் மிதவை இறங்கிக் குழாயைத் திறக்கும். இந்த மிதவை வித்தையை முஸ்லிம் பொறிவல்லுநர்கள் நன்கு அறிந்து கையாண்டார்கள். பள்ளிவாசல் ஹவுளை நிரப்பும் மேல்தொட்டியில் இன்றும் அதே வித்தை வேலை செய்கிறது. ஒளுச் செய்யப் போகும்போது நாம் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

1788-இல் ஜேம்ஸ் வாட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் நீராவி எந்திரத்திற்கு இரண்டு இரும்புக் குண்டுகள் கொண்ட வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினார். எந்திரம் விரைந்தால் குண்டுகள் விரிந்து ஆவியைக் குறைக்கும்; தளர்ந்தால் குண்டுகள் சுருங்கி ஆவியைக் கூட்டும். அதன் பின்னரே ஆலைகள் ஒரே சீராக ஓடலாயின. இவ்வாறு ஒரு நாட்டார் விட்ட இடத்தில் மற்றொரு நாட்டார் தொடர்ந்து வளர்த்த கலை இது. தமிழ்நாட்டில் இதைத் தொட்டு வளர்த்தவர்களுள் முன் நிற்பவர் நாயுடு.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தகப்பனார் கோபால்சாமி நாயுடு உழவர். தாயார் இளமையிலேயே மறைந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியாரோடு பிணங்கி, தொடக்கப் படிப்பையும் முடிக்காமல் வெளியேறினார். பையன் உருப்பட மாட்டான் என்று ஊரார் முடிவு கட்டியிருந்தால் அது வியப்பன்று.

1912-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதை துரைசாமி கண்டார். கண்டவர் வியந்து விட்டு வயலுக்குத் திரும்பிவிடவில்லை. அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் ஆசை அவரைப் பிடித்துக் கொண்டது. ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தார். தட்டுக் கழுவியும் தண்ணீர் வைத்தும் சேர்த்த பணத்தைக் கொண்டு அதே போன்ற மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. திருகு திருகாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்தார். மீண்டும் பூட்டினார். இதுவே அவர் படித்த கல்லூரி. பிறகு மோட்டார் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஆனார்.

கையில் கொஞ்சம் பொருள் சேர்ந்ததும் பருத்தித் தொழிலில் இறங்கினார். முதலில் நல்ல இலாபம் கண்டார். மேலும் பெருக்க எண்ணிப் பம்பாய்க்குச் சென்று பருத்தி வாணிகம் செய்ததில் சேர்த்ததை இழந்து ஊர் திரும்பினார். அறியாத சந்தையில் கால் வைத்தவருக்கு நேர்வது இதுதான் என்று நம் வியாபாரிகளில் மூத்தவர்கள் சொல்வார்கள். ஆனால் பலர் அத்தோடு முடங்கிப் போவார்கள், இவர் முடங்கவில்லை. தமக்கு நன்றாகத் தெரிந்தது எது என்று யோசித்தார். தெரிந்தது மோட்டார்.

ஒரு பஸ்ஸிலிருந்து

அக்காலத்தில் கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலப் பெருவணிகர் இருந்தார். நாயுடுவின் நாணயத்தையும் உழைப்பையும் கண்ட அவர், ஒரு பஸ்ஸை வாங்குவதற்கு உதவி செய்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பஸ் ஓடியது. ஓட்டியவர் நாயுடுவே. நாணயம் உள்ளவனுக்குக் கடன் கொடுக்க ஆள் உண்டு என்பதை நம் பேரேடுகளும் அறியும்.

ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, யூ.எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் வளர்ந்தது. 1930-களில் அதன் பஸ்கள் இருநூறுக்கும் மேற்பட்டிருந்தன. இந்த வளர்ச்சிக்குக் காரணம் பஸ்களின் எண்ணிக்கை அன்று. அவற்றை அவர் நடத்திய ஒழுங்கே காரணம் என்க.

பஸ் தொழிலின் கணக்கைப் பாருங்கள். நிற்கும் பஸ் சம்பாதிப்பதில்லை. ஆயினும் அதற்குச் செலவு உண்டு. நேரம் தவறிய பஸ்ஸுக்கு மறுநாள் ஆள் வருவதில்லை. வழியில் நின்றுவிட்ட பஸ் அன்றைய வரும்படியோடு நற்பெயரையும் கெடுக்கும். நடத்துநர் கையில் வாங்கிய காசு முழுதும் அலுவலகம் வந்து சேர வேண்டும். இவை யாவும் கட்டுப்பாட்டுக் காரியங்களே. நாயுடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியோ ஒரு முறையோ கண்டார். பஸ் நிலையங்களில் வண்டி வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் காட்டும் கருவியை அமைத்தார். என்ஜின் எவ்வளவு அதிர்கிறது என்று சோதிக்கும் கருவியையும் செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அதிர்வு கூடினால் உள்ளே ஏதோ தேய்கிறது என்பது பொருள். வண்டி வழியில் நிற்பதற்கு முன்பே பணிமனையில் அதைக் கண்டுபிடித்து விடலாம். இன்றைய பெரிய ஆலைகளிலும் எந்திரங்களின் அதிர்வை இரவு பகலாக அளந்து பழுதை முன்கூட்டி அறிகிறார்கள். எண்ணம் ஒன்றே, கருவி மட்டும் மாறியிருக்கிறது.

1937: உள்நாட்டு மோட்டார்

1930-களில் நீலகிரிப் பைக்காரா அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் கவலை இறைத்த உழவரும் மின்சாரத்தை நாடினர். ஆனால் மின்சாரத்தை ஓட்டமாக மாற்றும் மோட்டார் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. விலையோ அதிகம், பழுதானால் பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

பீளமேட்டில் நியூ என்னும் பெயரால் அறியப்பட்ட நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து ஜி. டி. நாயுடு 1937-இல் மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் உள்நாட்டிலேயே செய்த முதல் மின் மோட்டார் அதுவே என்று போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் எந்திரத் தொழிற்சாலையை நிறுவினார். அவர்கள் இட்ட விதையிலிருந்து கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறைகளும் பம்பு பட்டறைகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன. இந்தியாவில் செய்யப்படும் பம்புகளில் பெரும்பங்கு இன்றும் அந்த ஊரிலிருந்தே செல்கிறது.

மோட்டாரின் தன்மை என்னவென்று சுருக்கமாகச் சொல்வோம். செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பாயும்போது காந்தச் சக்தி உண்டாகிறது. அச்சக்தி சுற்றிச் சுற்றி வருமாறு சுருள்களை அமைத்தால், நடுவில் உள்ள உருளை அதன் பின்னே சுழல்கிறது. மலேசியாவிலும் இந்தியாவிலும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடி வருகிறது. அதனால் நான்கு காந்த முனைகள் கொண்ட சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். நெடுங்காலம் அந்த ஒரே வேகம்தான். வேகத்தை மாற்ற வேண்டுமானால் வாரும் கப்பியும் பல்சக்கரமும் மாற்ற வேண்டும். பின்னர் மின்சாரத்தின் மாறும் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் கருவிகள் வந்தன. அதற்கும் பின்னர், தான் எவ்வளவு தூரம் சுழன்றோம் என்பதைத் தானே அளந்து, குறித்த புள்ளியில் நிற்கும் சர்வோ மோட்டார்கள் வந்தன. யானைக் கடிகாரத்தின் கிண்ணத்திலிருந்து இதுவரை வந்த பாதை இதுவே.

பஞ்சாலைக்கு இது எவ்வளவு அவசியம் என்பதைத் துணி வியாபாரிகள் அறிய வேண்டும். கதிர்கள் ஒரே வேகத்தில் சுழலாவிட்டால் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். அல்லது அறுந்து விழும். நம் கடையில் விரித்துக் காட்டும் துணியின் நயம் எங்கோ ஓர் ஆலையில் மோட்டாருக்கு இட்ட கடிவாளத்தில் இருக்கிறது. 1962-இல் கோயம்புத்தூரில் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் முதலில் நூற்பு எந்திரங்களும், பிற்காலத்தில் கணினி சொல்லியபடி இரும்பைக் கடையும் எந்திரங்களும் செய்து புகழ்பெற்றது.

சவரக் கத்தி முதல் வாக்குப் பெட்டி வரை

நாயுடுவின் கை ஒரே தொழிலில் அடங்கவில்லை. உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டாரை வைத்து ரசந்த் என்னும் சவரக் கருவியைச் செய்தார். மிக மெல்லிய சவரத் தகடுகள், பழச்சாறு பிழியும் எந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி, படப்பிடிப்புக் கருவிக்குத் தூரத்தைச் சரி செய்யும் உறுப்பு ஆகியனவும் அவர் செய்தவை. மேனாடுகளுக்குச் சென்றபோது கையில் படக்கருவியோடு சென்றார். 1936 ஜனவரியில் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார்.

1941-ஆம் ஆண்டில் ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வானொலி பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. எதைச் செய்தாலும் சாமானியன் வாங்கும் விலைக்குச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. விற்பனையின் இரகசியமும் அதுவே அல்லவா?

வாக்குகளைப் பதிவு செய்யும் எந்திரம் ஒன்றையும் செய்தார். ஒருவர் ஒருமுறை அழுத்தியது ஒருமுறையே எண்ணப்பட வேண்டும். எண்ணியதை எவரும் மாற்ற முடியாமல் இருக்க வேண்டும். இந்தியத் தேர்தல் ஆணையம் மின்னணு வாக்கு எந்திரத்தை முதன்முதலாகக் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் பயன்படுத்தியது 1982-ஆம் ஆண்டில்தான். அதற்கு எவ்வளவோ முன்பே இந்த எண்ணம் அவருக்கு எழுந்தது. அவரே மாகாணத் தேர்தலில் நின்று தோற்றவர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

அதிகாலை 6 மணிக்கு அடித்தளம் தோண்டத் தொடங்கி, மாலை 5 மணிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார் என்றும் சொல்வார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எந்தச் சாமான் எந்த மணிக்கு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக் கொண்டால் பதினொரு மணி நேரம் போதும் என்பதே அவர் காட்ட விரும்பியது.

கல்விச்சாலை

தாம் கல்வி பெறாதவர் கல்விக்கு உதவுவது உலகில் பலமுறை கண்டதுதான். 1945-ஆம் ஆண்டில், சென்னை மாகாணக் கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால், கோயம்புத்தூரில் தொழிற்பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்ற நாயுடு காரணமாக இருந்தார். அதன் முதல்வர் பதவியையும் வகித்தார். தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! நான்கு ஆண்டுகள் படிக்க வைப்பது காலத்தை வீணாக்குவது. பட்டறையில் வேலையோடு சேர்த்துப் படித்தால் குறுகிய காலத்தில் கற்கலாம் என்பது அவர் கருத்து. அரசினர் அதற்கு இணங்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அக்கல்லூரி பிற்காலத்தில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்று இன்றும் சிறப்பாக நடக்கிறது. அவிநாசிச் சாலையில் ஹோப் காலேஜ் என்னும் பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்லிக் கொண்டு நிற்கிறது.

அரசினரோடு பிணக்கு

1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை ஏறத்தாழ 2,000 ரூபாய்க்குச் செய்து தர முற்பட்டார். இந்தியாவில் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1951-இல் வந்திருந்தது. இலைசென்ஸ் இல்லாமல் பெருந்தொழில் எதையும் தொடங்க முடியாத காலம். இவருக்கு இலைசென்ஸ் கிடைக்கவில்லை. கார்த் திட்டம் அத்துடன் நின்றது.

வரிச் சுமையும் அவரை வாட்டியது. 1950-களில், தாம் செய்த பொருள்களைத் தாமே பலர் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். இச்செயலை நாம் சரியென்று சொல்ல மாட்டோம். பயன்படும் பொருளை வீணாக்குவது நம் மார்க்கம் வெறுக்கும் காரியம். ஆயினும் தம் கையால் பெற்ற பிள்ளைகளைப் போன்றவற்றைத் தம் கையாலேயே உடைக்கும் அளவுக்கு அவர் மனம் புண்பட்டிருந்தது என்பதை உணர முடிகிறது.

இதில் ஒரு பாடமும் உண்டு. வண்டிக்குப் பிரேக் வேண்டும். பிரேக் இல்லாத வண்டியில் ஏறுவோர் எவரும் இல்லை. ஆனால் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தால் வண்டி ஓடாது. உராய்ந்து தேய்ந்து புகையும். நாட்டை ஆள்வோர்க்கும் இது பொருந்தும். கடைப் பையனை ஓயாது அதட்டும் முதலாளிக்கும் பொருந்தும். பிள்ளைகளை வளர்க்கும் தந்தைக்கும் பொருந்தும். நல்ல கட்டுப்பாடு என்பது ஓட்டத்தைக் கொல்வது அன்று, ஓட்டத்தைச் சீராக்குவது.

மறைவும் நினைவும்

1974 ஜனவரி 4-ஆம் நாள், தமது 80-ஆம் வயதில் ஜி. டி. நாயுடு காலமானார். அவர் சேர்த்த எந்திரங்களும் செய்த கருவிகளும் கோயம்புத்தூர் அவிநாசிச் சாலையில் உள்ள கண்காட்சியில் மாணவர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அதே சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டப் பாலம் ஒன்று 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இன்னொரு செய்தியும் நம் நினைவுக்கு உரியது. அல்-ஜஸரியின் அரபு நூலை டொனால்ட் ஹில் என்னும் ஆங்கிலப் பொறிவல்லுநர் முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்டதும் அதே 1974-ஆம் ஆண்டில்தான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர் அரபியில் எழுதி வைத்ததை, ஆங்கிலேயர் ஒருவர் எடுத்துக் கொடுத்த பிறகே உலகம் நன்றாக அறிந்தது. பெருமை பேசுவதற்கு மட்டும் முன்னோரை நினைக்கும் நமக்கு இது சிறிது வெட்கம் தர வேண்டும்.

நமக்கு என்ன?

அன்புச் சகோதரர்களே, நாயுடுவின் வரலாற்றை வியந்து படித்துவிட்டு இதழை மடித்து வைத்தால் பயனில்லை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வியாபாரத்திலும் ஓட்டம் வேறு, கட்டுப்பாடு வேறு. சரக்கு ஓடுவதை மட்டும் பார்த்து மகிழ்கிறோம். கூட்டம் நெருக்குகிறது; கல்லா நிறைகிறது; ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. சிட்டை எழுதப்படாத கடனும், தேதி முடிந்த சரக்கும், நேரம் தவறித் திறக்கும் கடையும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். பஸ் நிலையத்தில் நேரம் காட்டும் கருவியை வைத்தவரின் புத்தி கடைக்காரருக்கும் வேண்டும். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கடுமையாக எச்சரிக்கும் அத்தியாயம் ஒன்று திருமறையில் இருப்பதை நாம் அறிவோம். தராசு என்பது வியாபாரத்தின் முதல் கட்டுப்பாட்டுக் கருவி.

இரண்டாவது, இன்று நம் கடைகளிலும் உணவகங்களிலும் பாதி வேலையை எந்திரங்களே செய்கின்றன. மாவு அரைப்பதும் தேங்காய் துருவுவதும் குளிர வைப்பதும் அவைதாம். ஆனால் ஒன்று நின்று போனால் கிள்ளானிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஆள் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். வந்தவர் கேட்ட வெள்ளியைக் கொடுக்கிறோம். உள்ளே என்ன கெட்டது என்று கேட்டுத் தெரிந்து கொள்வதும் இல்லை. எந்திரத்துக்கு நாம் சொந்தக்காரர். ஆனால் அதன் அறிவு பிறரிடம் இருக்கிறது.

மூன்றாவதே முக்கியமானது. நம் வீடுகளில் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடத்தில் மட்டமாக இருப்பார்கள்; ஆனால் கெட்டுப்போன விசிறியைக் கழற்றிப் பூட்டி ஓட்டி விடுவார்கள். மோட்டார் சைக்கிளின் சத்தத்தைக் கேட்டே குற்றம் இன்னதென்று சொல்வார்கள். அவர்களை நாம் என்ன செய்கிறோம்? கை முழுதும் எண்ணெயா என்று கடிந்து கல்லாவில் நிறுத்துகிறோம். கல்லாவில் நின்றும் அவன் மனம் பட்டறையில் இருக்கிறது. கடைக்கும் ஆகவில்லை, தொழிலுக்கும் ஆகவில்லை என்று இரண்டும் கெட்டு நிற்கிறான். தோட்டத்து ஆலைகளிலும், நெல் ஆலைகளிலும், ஷா ஆலம், கிள்ளான் தொழிற்சாலைகளிலும் தானியங்கி எந்திரங்களைப் பராமரிக்கத் தெரிந்தவனுக்கு வேலை காத்திருக்கிறது. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களும் போலிடெக்னிக்குகளும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. உள்ளே போகும் நம் பிள்ளைகள்தாம் குறைவு.

டாக்டர், வக்கீல் படிப்புக்கு உதவி கேட்டு வருவோர்க்கு நம்மவர் மனமுவந்து கொடுக்கிறார்கள். அது தொடர வேண்டும். அதனுடன், மோட்டார், மின்சாரம், தானியங்கிக் கருவி ஆகிய தொழில்களைப் பயில விரும்பும் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்குவதைப் பற்றி நம் சங்கம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். பெருந்தொகை தேவையில்லை. பஸ் கட்டணமும் கருவிப் பெட்டியும் சில மாத உணவும் கிடைத்தாலே பிழைத்துக் கொள்ளும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஒரு ஸ்டேன்ஸ் ஒரு பஸ்ஸுக்கு உதவினார். அதிலிருந்து ஓர் ஊரே தொழில் நகரமாக வளர்ந்தது. அல்-ஜஸரிக்கு ஒரு மன்னர் ஆதரவு அளித்தார். அந்த அறிவு எண்ணூறு ஆண்டுகள் நிற்கிறது. ஆதரிப்பவர் இல்லாத திறமை வயலிலும் கல்லாவிலும் மங்கிப் போகும்.

நம் மக்களின் கைகளுக்கு ஓடச் செய்யும் வலிமையையும், மனத்துக்கு நிறுத்தத் தெரிந்த பக்குவத்தையும், இரண்டுக்கும் மேலாகப் பயனுள்ள கல்வியையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.